ஔடத தானமும் ஓயாக் கல்வியும்

(தசலட்சண விழாவின் ஏழாம் நாளாகிய உத்தம தவ நாளில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

தவம் என்ற சொல்லைக் கேட்டவுடன் உண்ணா நோன்பே பலருடைய நினைவிற்கு வருகின்றது. ஆயின் ஜினாகமம் தவத்தைப் புறத்தவம், அகத்தவம் என இரு கூறாகப் பகுத்து ஒவ்வொன்றிலும் ஆறு வகை காட்டுகின்றது. உண்ணாமை, குறைய உண்டல், சுவை துறத்தல் முதலியன புறத்தவம். கழுவாய் தேடல், பணிவு, பணிவிடை, கற்றல், பற்று விடுதல், தியானம் ஆகியவை அகத்தவம். இவற்றுள் பணிவிடைக்கு வையாவிருத்தியம் என்பது ஆகமப் பெயர். கற்றலுக்குச் சுவாத்தியாயம் என்பது பெயர். தத்துவார்த்த சூத்திரத்தை அருளிய உமாசுவாமிகள் அதன் ஒன்பதாம் அத்தியாயத்தில் இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்தார். பணிவிடைக்கு உரியோர் பதின்மரை எண்ணும்போது நோயுற்ற துறவியரையும் தனியே எடுத்துச் சொன்னார். கற்றலையோ ஐந்தாக வகுத்தார்: நூலை ஓதுதல், ஐயம் வினவுதல், பொருளை உள்ளத்தில் மீள மீள ஆராய்தல், பிழையறத் திரும்ப ஓதுதல், பிறர்க்கு எடுத்துரைத்தல்.

நோயாளிக்குச் செய்யும் பணிவிடையும் ஓயாது கற்கும் கல்வியும் ஒரே தவத்தின் இரு கிளைகள் என்னும் இவ்வுண்மையை இக்காலத்தில் நாள்தோறும் மெய்ப்பிக்க வேண்டிய நிலையில் ஒரு தொழில் உள்ளது. அதுவே மருந்தாளுநர் தொழில். அதிலும் புற்றுநோய்க்கும் நுரையீரல் நோய்க்கும் மருந்தளிக்கும் சிறப்பு மருந்தாளுநர் கற்பதை நிறுத்தினால், அவர் கையால் செல்லும் மருந்தே உயிருக்கு ஊறாகிவிடும். இவ்வுரையின் பொருள் அதுவே.

மருந்தும் அளவும்

உணவு, மருந்து, நூல், அடைக்கலம் என்னும் நால்வகைத் தானங்களுள் ஔடத தானத்தைச் சமண சமயம் வைத்த இடம் யாவரும் அறிந்தது. தமிழ்ச் சமணச் சான்றோர் மருந்தின் இயல்பை நன்கு உணர்ந்தவர்கள். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் சிறுபஞ்சமூலத்தை இயற்றிய காரியாசானும், ஏலாதியை இயற்றிய கணிமேதாவியாரும் சமணர். இருவரும் மாக்காயனாரிடம் ஒருங்கு பயின்றவர் என்பர். இருவரும் தம் அறநூல்களுக்கு மருந்தின் பெயரையே சூட்டினர்.

ஏலாதி என்னும் மருந்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஏலம் ஒரு பங்கு, இலவங்கம் இரண்டு, சிறுநாவற்பூ மூன்று, மிளகு நான்கு, திப்பிலி ஐந்து, சுக்கு ஆறு பங்கு எனச் சேர்ப்பது அதன் முறை. ஆறு பொருள்களும் அங்காடியில் கிடைப்பவை. பொருள்களைப் போலவே அவற்றின் விகிதமும் அம்மருந்துக்கு உயிர். அதை அறிந்தவரே அம்மருந்தைச் செய்தவராவார். பொருளை அறிதல் வணிகம். அளவை அறிதல் மருந்தியல். இன்றைய மருந்தாளுநரின் கலையும் இவ்வளவறிதலில்தான் தொடங்குகின்றது.

சீட்டைப் பார்த்து எடுத்துக் கொடுப்பவரா?

மருந்தாளுநர் என்பவர் மருத்துவர் எழுதிய சீட்டைப் பார்த்து அட்டையை எடுத்துக் கொடுத்துப் பணம் பெறுபவர் என்றே பொதுமக்கள் எண்ணுகின்றனர். புற்றுநோய் மருத்துவமனையில் பணிபுரியும் சிறப்பு மருந்தாளுநரின் ஒரு நாளை அறிந்தால் இவ்வெண்ணம் மாறும்.

கீமோதெரபி மருந்துகள் பலவற்றின் அளவு, நோயாளியின் உயரத்தையும் எடையையும் கொண்டு உடற்பரப்பைக் கணக்கிட்டு வரையறுக்கப்படுகின்றது. மருத்துவர் எழுதிய அளவை மருந்தாளுநர் தனியே மீண்டும் கணக்கிடுகின்றார். சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றின் நிலையையும், இரத்த அணுக்களின் எண்ணிக்கையையும் ஆய்வறிக்கையில் பார்க்கின்றார். நோயாளி உண்ணும் பிற மருந்துகளோடு இம்மருந்து மோதுமா என்று ஆராய்கின்றார். இது எத்தனையாவது சுற்று, முன்சுற்று எப்போது முடிந்தது, வாழ்நாளில் இம்மருந்தை எவ்வளவு பெறலாம், அதில் இதுவரை எவ்வளவு சென்றுள்ளது என்று பார்க்கின்றார். இவையெல்லாம் ஒத்துவந்த பின்னரே, காற்றோட்டம் கட்டுப்படுத்தப்பட்ட பாதுகாப்புப் பெட்டியினுள் கையுறை அணிந்து மருந்தைக் கலக்கின்றார். ஐயம் எழுந்தால் மருத்துவரை அழைத்து வினவுகின்றார். அவ்வாறு வினவும் உரிமையும் துணிவும் அவருடைய கல்வியிலிருந்து வருபவை. கல்வி பழையதாகிவிட்டால் ஐயம் எழவேண்டிய இடத்தில் ஐயம் எழாது.

நஞ்சே மருந்தாகும் இடம்

புற்றுநோய் மருந்துகளின் வரலாறே நஞ்சிலிருந்து தொடங்குகின்றது. போரில் மனிதரைக் கொல்லப் பயன்பட்ட மஸ்டர்டு வாயுவின் உறவுப் பொருளொன்றை, 1942-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நிணநீர்ப் புற்றுநோயாளி ஒருவர்க்கு மருந்தாகச் செலுத்தினர். கட்டி சுருங்கிற்று. அங்கிருந்து கீமோதெரபி வளர்ந்தது.

வீட்டு முற்றத்திலும் சுடுகாட்டோரத்திலும் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்படும் வின்கிரிஸ்டின் என்னும் மருந்து 1963 முதல் அமெரிக்காவில் பயன்பாட்டில் உள்ளது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைக் குணப்படுத்தும் மருந்துக் கூட்டில் அதற்கு இன்றியமையாத இடம் உண்டு. அம்மருந்து சிரை எனப்படும் இரத்த நாளம் வழியே மட்டும் செலுத்தப்பட வேண்டும். தவறித் தண்டுவட நீரில் செலுத்தினால் பெரும்பாலும் மரணமே விளையும். அதே குழந்தைக்குத் தண்டுவட நீரில் செலுத்தவேண்டிய வேறு மருந்தும் அதே நாளில் ஊசிக்குழலில் வருவதுண்டு. இரண்டு ஊசிகளும் மாறிப்போன கொடுமை உலகின் பல நாடுகளில் நிகழ்ந்தது. 2007-இல் உலகச் சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது: வின்கிரிஸ்டினை ஊசிக்குழலில் அனுப்பவேண்டா, சிறிய பையில் நீர்த்த கரைசலாக்கி அனுப்புக. பையைக் கொண்டு தண்டுவடத்தில் எவரும் ஊசி போட மாட்டார். எளிய மாற்றம்தான். ஆயினும் அதை அறிந்த மருந்தாளுநர் இருக்கும் இடத்தில்தான் அம்மாற்றம் நடைமுறையாகும்.

அளவு தவறியதால் நேர்ந்த துயரம் ஒன்று மருந்துலகம் முழுவதையும் உலுக்கிற்று. 1994-இல் பாஸ்டன் நகரில், பெட்ஸி லேமன் என்னும் அம்மையார் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றார். பாஸ்டன் குளோப் நாளிதழில் மருத்துவச் செய்திகளை எழுதிவந்தவர் அவர். இரு குழந்தைகளின் தாய். நான்கு நாள்களுக்கும் சேர்த்துக் கொடுக்கவேண்டிய சைக்ளோபாஸ்பமைடு மருந்தின் முழு அளவு, ஒவ்வொரு நாளுக்கும் உரிய அளவாகக் கொள்ளப்பட்டது. நான்கு மடங்கு மருந்து உடலில் சென்றது. அவ்வாண்டு டிசம்பர் 3 அன்று அவர் உயிர் நீத்தார். தவறு நேர்ந்தது என்பதே இரண்டு மாதங்களுக்குப் பின்னர், பதிவேடுகளைச் சரிபார்க்கும்போதுதான் தெரியவந்தது. அது பெயர்பெற்ற பெரிய மருத்துவமனை. எழுதியவரும், சரிபார்த்தவரும், கலந்தவரும், செலுத்தியவரும் பட்டம் பெற்றவர்களே. தீய எண்ணம் எவர்க்கும் இல்லை. பின்னர் மாசசூசெட்ஸ் மாநிலம் அவர் பெயராலேயே நோயாளர் பாதுகாப்பு மையம் ஒன்றை நிறுவியது.

இங்கே ஜினதருமத்தின் நுண்மையான கருத்தொன்று நினைவுக்கு வருகின்றது. கொல்லும் எண்ணம் இருந்தால்தான் ஹிம்சை என்று ஆகமம் சொல்லவில்லை. பிரமாதம் எனப்படும் கவனமின்மையோடு செயற்பட்டு உயிருக்கு ஊறு நேர்ந்தால் அதுவும் ஹிம்சையே. முனிவர் ஐந்து சமிதிகளுள் ஒன்றாக, பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் கூட விழிப்பைக் கடைப்பிடிக்கின்றனர். நடப்பதற்கும் பேசுவதற்கும் விழிப்பு வேண்டுமெனின், நஞ்சை அளந்து தருபவர்க்கு எத்துணை விழிப்பு வேண்டும்! அறியாமையும் கவனமின்மையின் ஒரு வடிவமே. கற்றிருக்கக் கூடியதைக் கல்லாதிருத்தல், பார்த்திருக்கக் கூடியதைப் பாராதிருத்தல் போன்றதே.

இருபது ஆண்டில் மாறிய மருந்துலகம்

2000-ஆம் ஆண்டில் பட்டம் பெற்று வெளிவந்த மருந்தாளுநர் ஒருவரை எண்ணுக. அன்று அவர் நுரையீரல் புற்றுநோய்க்குக் கற்றது பெரும்பாலும் சிஸ்பிளாட்டின் போன்ற பிளாட்டினம் சார்ந்த மருந்துக் கூட்டுகளே.

2003-இல் ஜெஃபிடினிப் என்னும் மாத்திரை அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 2004-இல் எர்லோடினிப் வந்தது. சில நோயாளிகளுக்கு மட்டும் இம்மாத்திரைகள் வியக்கத்தக்க பயன் தருவது ஏன் என்பதற்கான விடையும் அவ்வாண்டிலேயே கிடைத்தது: அவர்களுடைய கட்டியின் உயிரணுவில் இ.ஜி.எஃப்.ஆர். என்னும் மரபணுவில் மாற்றம் இருந்தது. ஆசிய நாட்டவரிடமும், புகைபிடிக்காதவரிடமும் அம்மாற்றம் மிகுதியாகக் காணப்படுகின்றது. புகையைத் தொட்டும் அறியாத இல்லத்தரசிக்கு நுரையீரல் புற்றுநோய் வரும்போது இச்செய்தி உயிர்காக்கும் செய்தியாகின்றது. 2011-இல் வேறொரு மரபணு மாற்றத்திற்குக் கிரிசோடினிப் வந்தது. 2015-இல், முன் மாத்திரைக்கு எதிர்ப்பாற்றல் பெற்ற கட்டிக்கு ஒசிமெர்டினிப் வந்தது. அதே 2015-இல் உடலின் நோயெதிர்ப்புப் படையையே கட்டியின்மேல் ஏவும் நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் ஆகிய மருந்துகள் நுரையீரல் புற்றுநோய்க்கு ஒப்புதல் பெற்றன.

அந்த மருந்தாளுநர் கல்லூரியில் கற்ற பாடத்தில் இவற்றுள் ஒன்றும் இல்லை. மருந்துகள் மட்டுமன்றி அவற்றின் தீங்குகளும் புதியவை. பழைய கீமோதெரபியால் முடி உதிரும், வாந்தி வரும், இரத்த அணுக்கள் குறையும் என்பதை அனைவரும் அறிவர். நோயெதிர்ப்பு மருந்தோ, தூண்டப்பட்ட படை தன் உடலையே தாக்குவதால் நுரையீரல் அழற்சி, குடல் அழற்சி, தைராய்டு கோளாறு ஆகியவற்றை உண்டாக்கலாம். அம்மருந்து பெறும் நோயாளி இருமலும் மூச்சுத்திணறலும் வந்து அருகிலுள்ள மருந்துக் கடைக்குச் சென்றால், அறியாதவர் இருமல் மருந்து கொடுத்து அனுப்புவார். அறிந்தவரோ, "எந்தச் சிகிச்சையில் இருக்கின்றீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டு, உடனே மருத்துவமனைக்குச் செல்லுமாறு சொல்வார். அவ்வழற்சிக்கு மருந்தை நிறுத்தி, ஸ்டீராய்டு கொடுக்கவேண்டியிருக்கும். அந்த ஒரு கேள்வியில் ஓர் உயிர் இருக்கின்றது. அதைக் கேட்கச் சொல்லித் தருவதே தொடர்கல்வி.

அமெரிக்கர் வகுத்த முறை

இத்தகைய தொடர்கல்வியை முறைப்படுத்தியதில் அமெரிக்க நாட்டின் ஏற்பாடு கருதத்தக்கது. அங்கே மருந்தாளுநர் உரிமம் காலந்தோறும் புதுப்பிக்கப்படுகின்றது. அதற்குக் குறிப்பிட்ட மணி நேரம் தொடர்கல்வி பெற்றிருத்தல் வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் இது ஆண்டுக்குப் பதினைந்து மணி அளவில் அமைகின்றது. இது எல்லா மருந்தாளுநர்க்கும் பொது.

சிறப்புத் துறையினர்க்கு அதற்கும் மேலான படி உண்டு. 1976-இல் மருந்தியல் சிறப்புத் துறைகளுக்கென ஒரு வாரியம் நிறுவப்பட்டது. 1996-இல் அவ்வாரியம் புற்றுநோய் மருந்தியலைத் தனிச் சிறப்புத் துறையாக ஏற்றது. பட்டமும் உரிமமும் பெற்றபின், புற்றுநோய்ப் பிரிவில் உறைவிடப் பயிற்சியோ பல்லாண்டுப் பணியறிவோ உடையவரே அத்தேர்வை எழுத இயலும். தேர்ச்சி பெற்றாலும் அச்சான்றிதழ் வாழ்நாளுக்கு உரியதன்று. ஏழாண்டுக்கு ஒருமுறை, மீண்டும் தேர்வெழுதியோ, வரையறுத்த தொடர்கல்விப் பாடங்களை மதிப்பீட்டோடு முடித்தோ, தம் தகுதியை மீள நிறுவவேண்டும். 2004-இல் இரத்தவியல், புற்றுநோயியல் மருந்தாளுநர்க்கெனத் தனிச் சங்கமும் தோன்றி, இப்பாடங்களை வகுத்து நடத்துவதில் முன்னிற்கின்றது.

ஏழாண்டு என்பதன் பொருளை முன்னர்க் கூறிய ஆண்டுகளோடு பொருத்திப் பார்க்கலாம். 2008-இல் தேர்ச்சி பெற்றவர் கிரிசோடினிப்பைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்க இயலாது. 2015-இல் சான்றிதழைப் புதுப்பிக்கும்போதோ அதை அறியாமல் இயலாது. மருந்துலகம் மாறும் வேகத்தைக் கருதியே கல்வியின் சுழற்சியும் அமைந்துள்ளது.

அப்பாடம் நடக்கும் முறையும் அறியத்தக்கது. வெறும் சொற்பொழிவாக அது அமைவதில்லை. நோயாளி ஒருவரின் நிலை முன்வைக்கப்படும். சான்றாக இவ்வாறு: அறுபத்திரண்டு அகவையுடைய ஒருவர் எர்லோடினிப் உண்கின்றார், கட்டி குறையவில்லை, நெஞ்செரிச்சலுக்கு ஒமிப்ரசோல் உண்கின்றார், புகையையும் முழுதும் விடவில்லை. என்ன செய்யவேண்டும்? வயிற்றில் அமிலம் குறைந்தால் எர்லோடினிப் சரிவர உடலில் ஏறாது. புகைபிடித்தல் அம்மருந்தைக் கல்லீரல் விரைவாகச் சிதைக்கச் செய்கின்றது. ஆகவே மருந்து பயன்படவில்லை என்று முடிவு செய்யுமுன், மருந்து உடலில் உள்ளதா என்று கேட்கவேண்டும். பங்குபெறுவோர் விடை சொல்வர். தவறினால் காரணம் விளக்கப்படும். இறுதியில் வினாத்தாளுக்கு விடையளித்துத் தேர்ந்தவர்க்கே மணிக்கணக்கு வரவு வைக்கப்படும். பாடம் நடத்துபவர் மருந்து நிறுவனத்தோடு பொருளுறவு கொண்டிருந்தால் அதை முன்கூட்டி வெளிப்படுத்த வேண்டும் என்பதும் விதி. விற்பவர் சொல்லிக் கொடுப்பது கல்வியாகாது என்னும் தெளிவு அதன் பின்னே உள்ளது.

ஓதல், வினவல், ஆராய்தல், பிழையறத் திரும்பச் சொல்லல், பிறர்க்கு உரைத்தல் என்னும் சுவாத்தியாயத்தின் ஐந்து கூறுகளும் இம்முறையில் தாமாகவே அமைந்திருத்தலைக் காணலாம். ஐந்தாவது கூறுதான் நோயாளியைச் சென்று சேர்வது. தாம் கற்றதை எளிய சொல்லில் நோயாளிக்கு உரைக்கும்போதுதான் மருந்தாளுநரின் கல்வி பணிவிடையாக மாறுகின்றது.

மூச்சைக் காக்கும் கல்வி

புற்றுநோயல்லாத நுரையீரல் நோய்களிலும் இதே தேவை உண்டு. ஆஸ்துமாவுக்கும், நாட்பட்ட மூச்சடைப்பு நோய்க்கும் உறிஞ்சு மருந்தே முதன்மையானது. அது இன்ஹேலர் என வழங்கும். மாத்திரையை எப்படி விழுங்கினாலும் வயிற்றை அடையும். இன்ஹேலரோ, பயன்படுத்தும் முறை தவறினால் மருந்து நாவிலும் தொண்டையிலும் படிந்துவிடும், நுரையீரலைச் சேராது. அழுத்து குப்பியைக் குலுக்கி, மூச்சை வெளிவிட்டு, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, உள்ளிழுத்தபின் சிறிது நேரம் மூச்சை அடக்கவேண்டும். தூள் வடிவ மருந்தாயின், மெதுவாக அன்று, விசையோடு இழுக்கவேண்டும். ஒன்றின் முறை மற்றொன்றுக்குப் பிழை. ஸ்டீராய்டு கலந்ததாயின் பின்னர் வாய் கொப்பளித்தல் வேண்டும். ஒருமுறை கற்றவரும் நாளடைவில் முறை தவறுவது இயல்பு. ஆதலால் நோயாளி வரும்போதெல்லாம் செய்துகாட்டச் சொல்லித் திருத்துதல் மருந்தாளுநரின் கடன்.

கோட்பாடும் மாறிவருகின்றது. மூச்சுக்குழலை உடனே விரிக்கும் சால்பூட்டமால் போன்ற மருந்தை மட்டும் தனியே பயன்படுத்துவது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. 2019-இல் உலக ஆஸ்துமா வழிகாட்டு நெறியினர், வளர்ந்தோர்க்கும் வளரிளம் பருவத்தினர்க்கும் அவ்வாறு தனியே கொடுத்தலை இனிப் பரிந்துரைப்பதில்லை என்றும், அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு உறிஞ்சு மருந்தும் உடன் வேண்டும் என்றும் மாற்றினர். இதை அறியாத கடைக்காரர், நீலநிறக் குப்பியை மாதந்தோறும் கேட்டு வருபவரிடம் புன்னகையோடு விற்றுக்கொண்டிருப்பார். அறிந்தவரோ, அடிக்கடி வாங்குவதே ஆபத்தின் அறிகுறி என்று கண்டு மருத்துவரிடம் அனுப்புவார்.

இன்னுமொரு நுட்பம். தியோபிலின் உண்பவர் புகையை விட்டுவிட்டால் அது பெருநன்மை. ஆயினும் விட்டவுடன் அம்மருந்து உடலில் சிதையும் வேகம் குறைந்து அதன் அளவு ஏறிவிடும். வாந்தியும் நெஞ்சுப் படபடப்பும் தோன்றலாம். நற்செயலொன்று மருந்தின் அளவைத் திருத்தவேண்டிய காரணமாகின்றது. கற்றவர் கண்ணுக்கே இது தெரியும்.

இந்தியாவின் நிலை

இந்தியாவில் மருந்தியல் தொழிலை 1948-ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டம் ஆள்கின்றது. மருத்துவமனைப் பணியை நோக்கமாகக் கொண்ட ஆறாண்டு ஃபார்ம்.டி. பட்டத்திற்கான விதிகள் 2008-இல் வந்தன. 2015-ஆம் ஆண்டின் மருந்தியல் நடைமுறை விதிகள், பதிவைப் புதுப்பிக்க ஐந்தாண்டுக்குள் குறைந்தது இரண்டு ஒருநாள் புத்தாக்கப் பயிற்சிகள் பெறவேண்டும் என்கின்றன. நோயாளிக்கு மருந்து பற்றி எடுத்துரைப்பதும் மருந்தாளுநரின் கடமை என்று அவ்விதிகள் சொல்கின்றன.

ஐந்தாண்டில் இரண்டு நாள் என்பது தொடக்கம், முடிவன்று. மற்ற நாள்களின் கல்வி அவரவர் மனச்சான்றைப் பொறுத்தது. சட்டம் கேட்கும் அளவோடு நிற்பவர்க்குச் சான்றிதழ் நிலைக்கும். அதற்கு மேல் கற்பவரிடம் வரும் நோயாளிக்கு உயிர் நிலைக்கும்.

சமண இல்லங்களுக்குரிய செய்திகள்

புற்றுநோய் மருந்துகள் பல இக்காலத்தில் மாத்திரையாக வீட்டிற்கே வந்துவிட்டன. மருத்துவமனைச் செவிலியர் இருந்த இடத்தில் இன்று மருமகளும் மகனும் இருக்கின்றனர். ஆகவே நல்ல மருந்தாளுநரிடம் கேட்கவேண்டியவை எவை என்று ஒவ்வோர் இல்லத்தாரும் அறிதல் வேண்டும். சமண ஒழுக்கத்தோடு தொடர்புடையவை சில உண்டு.

முதலாவது, இரவு உண்ணாமை. சில மாத்திரைகள் வெறும் வயிற்றில் உண்ணவேண்டியவை. சில உணவுக்குப் பின் உண்ணவேண்டியவை. எர்லோடினிப் வெறும் வயிற்றுக்குரியது. உணவோடு உண்டால் மிகுதியாக உடலில் ஏறித் தீங்கு கூடும். கேப்சைட்டபின், உணவு முடிந்து அரை மணிக்குள், பன்னிரண்டு மணி இடைவெளியில் இருமுறை உண்ணவேண்டியது. கதிரவன் மறையுமுன் உணவை முடிப்பவர் இதை இரவு ஒன்பது மணிக்கு வெறும் வயிற்றில் உண்டால் முறை தவறும். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்குமாக உணவையும் மருந்தையும் அமைத்துக்கொள்ள இயலுமா என்று கேட்டால், மருந்தாளுநர் வழி சொல்வார். நோன்பைச் சொல்லாமல் மறைப்பவர்க்கு எவராலும் வழி சொல்ல இயலாது.

இரண்டாவது, உபவாசம். சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகள் சிறுநீரகத்தைத் தாக்கவல்லவை. அவற்றைப் பெறும் நாள்களில் உடலில் நீர் நிறைந்திருத்தல் வேண்டும். நீரும் அருந்தா நோன்பை அந்நாள்களில் மேற்கொள்வது பெருந்தீங்காகும். பருவ நாள்கள் வருவதை மருத்துவரிடமும் மருந்தாளுநரிடமும் முன்பே சொல்லவேண்டும். ஆற்றலுக்கேற்ற தவமே ஆகமம் விதித்தது. உணவு துறக்க இயலாத நோயாளிக்கு அகத்தவம் ஆறும் திறந்தே இருக்கின்றன.

மூன்றாவது, கேப்சூல். அதன் உறை பெரும்பாலும் விலங்கின் எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து வரும் ஜெலட்டினால் ஆனது. இதை அறிந்த சிலர் உறையைப் பிரித்து உள்ளிருக்கும் தூளை மட்டும் உண்கின்றனர். டெமோசோலோமைடு போன்ற புற்றுநோய் மருந்துகளில் இதை ஒருபோதும் செய்தலாகாது. அத்தூள் தோலிலும் மூச்சிலும் படுவது, பிரித்துக் கொடுப்பவர்க்கும், வீட்டிலுள்ள கருவுற்ற பெண்ணுக்கும், குழந்தைக்கும் தீங்கு. அஹிம்சை கருதிச் செய்யும் செயல் ஹிம்சையாக முடியும். மாத்திரை வடிவம் உண்டா, தாவர உறையுள்ளது உண்டா என்று மருந்தாளுநரைக் கேட்பதே முறை. கட்டிகளால் இரத்தம் உறையும்போது செலுத்தப்படும் ஹெப்பாரினும் விலங்கிலிருந்து பெறப்படுவதே. இத்தகைய இடத்தில் கேட்பது நோயாளியின் உரிமை. மாற்று உண்டா இல்லையா என்று உண்மையாக விடை சொல்வது கற்ற மருந்தாளுநரின் கடமை. மாற்று இல்லையெனின் முடிவெடுப்பது இல்லத்தாரும் அவர்தம் ஆசாரியரும்.

நான்காவது, மறைத்து உண்ணும் மருந்து. மூலிகைப் பொடியும், உறவினர் சொன்ன கஷாயமும் தீங்கற்றவை என்று எண்ணிச் சொல்லாமல் உண்பவர் பலர். கல்லீரல் அவற்றையும் மருந்தாகவே பார்க்கின்றது. உண்பவை அனைத்தையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுதல் நன்று.

ஐந்தாவது, கிழமையும் நாளும். மூட்டு அழற்சிக்குச் சிறிய அளவில் கொடுக்கப்படும் மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை உண்ணவேண்டியது. அதை நாள்தோறும் உண்டு உயிரிழந்தோர் உலகெங்கும் உண்டு. எந்தக் கிழமை என்று அட்டையின்மேல் தமிழில் எழுதித் தரச் சொல்லவேண்டும்.

அறக்கட்டளைகளும் இளைஞரும்

திண்டிவனம், வந்தவாசி, ஆரணி, செஞ்சி வட்டாரச் சிற்றூர்களிலிருந்து மருந்தியல் பயிலச் செல்லும் சமண இளைஞரும் மகளிரும் உண்டு. அவர்களுடைய கல்லூரிக் கட்டணத்திற்கு உதவுவது நற்செயல். ஆயினும் பட்டம் பெற்ற நாளோடு உதவியும் அக்கறையும் முடிந்துவிடுகின்றன. அவர்களின் உண்மையான கல்வி அதற்குப் பின்னரே தொடங்குகின்றது. பணியில் சேர்ந்த மருந்தாளுநர் ஒருவர் சிறப்புப் பயிற்சிக்கோ கருத்தரங்கிற்கோ செல்ல, பயணச் செலவும் விடுப்பால் இழக்கும் ஊதியமும் பெருந்தடையாகின்றன. அறக்கட்டளைகள் ஒதுக்கும் கல்வி நிதியில் ஒரு சிறு பகுதியை இத்தொடர்கல்விக்கு வைத்தால் அது ஒரே நேரத்தில் சாத்திர தானமும் ஔடத தானமும் ஆகும். பயன்பெற்றவர் அதற்கு ஈடாக, ஆண்டுக்கு ஒருநாள் ஜினாலய மண்டபத்தில் அமர்ந்து, ஊராரின் மருந்துகளைப் பார்த்து ஐயம் தீர்க்கலாம். பெரிய கட்டடமும் கருவியும் வேண்டாத தொண்டு இது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, கற்றவர் ஒருவர் போதும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். மருந்தியல் பயிலும் பிள்ளை, கடை வைக்கவேண்டும் என்பதே பல இல்லங்களின் விருப்பம். கடை வைப்பதில் தவறில்லை. ஆனால் கடையின் உரிமச் சுவரில் தொங்கும் சான்றிதழை வாடகைக்கு விட்டு, மருந்தாளுநர் இல்லாமலே மருந்து விற்கும் வழக்கத்திற்கு எந்தச் சமண இல்லமும் துணைபோதல் ஆகாது. அச்சான்றிதழ் ஓர் உறுதிமொழி. அதன் பின்னே கற்ற மனிதர் ஒருவர் விழிப்போடு நிற்கின்றார் என்று நோயாளி நம்புகின்றார். அந்நம்பிக்கையை விற்றல் பொய்ம்மையும் களவும் ஆகும்.

இந்நாள் உத்தம தவ நாள். நாளை உத்தம தியாக நாள். தானத்தின் பெருமை பேசப்படும் நாள். மருந்தை வாங்கிக் கொடுப்பது ஔடத தானத்தின் ஒரு பாதி. அம்மருந்து உரியவர்க்கு, உரிய அளவில், உரிய பொழுதில் சென்று சேரச் செய்யும் அறிவை வளர்ப்பது மறுபாதி. முதற்பாதியைச் செய்ய முன்வருவோர் பலர். மறுபாதியையும் நாளைய தினம் அறக்கட்டளையார் தம் தீர்மானத்தில் சேர்ப்பாராக. இல்லத்தில் மருந்துண்போர் உள்ள ஒவ்வொருவரும் விழா முடிந்து வீடு திரும்பியதும், உண்ணும் மருந்துகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்து, அடுத்தமுறை மருந்தாளுநரிடம் அதைக் காட்டிக் கேட்பாராக. வினவுதலும் சுவாத்தியாயமே.

ஜய ஜினேந்திர.